மூன்றாவது வண்டி தண்ணீர் வண்டி

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டெத் வேலி தேசியப் பூங்காவுக்குக் காரில் போக எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடாவுக்குள்ளும் கொஞ்சம் கால் நீட்டிக் கிடக்கும் பாலைவனம் அது. பல வருடங்களாக நான் போய் வரும் இடம். அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று நிலையத்தாருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், கடிகாரத்தை என் கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறார்கள்.

என்னிடம் யோசனை கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். பேட்வாட்டர் உப்புத்தரை, ஜப்ரிஸ்கி பாயிண்ட், டான்டேஸ் வியூ, மணல்மேடுகள், கற்கள் தானாக நகரும் ரேஸ்ட்ராக். எல்லாம் ஒரே நாளில். "லாஸ் வேகாஸிலிருந்து இரண்டு மணி நேரந்தானே?" என்பார்கள். உண்மைதான். பஹ்ரம்ப் வழியாகப் போனால் பூங்காவின் நடுவில் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக் ஏறக்குறைய 120 மைல். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு உள்ளே ஓட்ட வேண்டிய தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பூங்காவின் பரப்பு 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை ஒதுக்கி வைத்துவிட்டால் அமெரிக்க நிலப்பரப்பில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா கிடையாது.

அதனால் நான் சொல்வது இதுதான். பார்க்கிற இடங்களைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் தண்ணீர். அப்புறம் பெட்ரோல், டயர். அப்புறம் வெயில் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பது. கார் எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன செய்வோம் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகு, மிச்சம் இருக்கும் நேரத்தில் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று யோசியுங்கள்.

இந்த வரிசையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை கோவேறு கழுதைகள். சிரிக்காதீர்கள், இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்ட கூட்டமே கிடையாது, இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

1883 முதல் 1889 வரை அந்தப் பள்ளத்தாக்கில் வெண்காரம் எடுத்தார்கள். போராக்ஸ் என்கிறோமே, அதுதான். ஃபர்னஸ் க்ரீக்குக்குப் பக்கத்தில் ஹார்மனி என்ற ஆலை. அதன் மிச்சங்களை இன்றைக்கும் சாலையோரம் காரை நிறுத்தி நடந்து பார்க்கலாம். உப்புத்தரையில் வெண்காரத்தைச் சுரண்டி எடுத்தவர்கள் சீனத் தொழிலாளிகள். வெண்காரம் கிடைத்துவிட்டது, சரி. அதை எப்படி வெளியே கொண்டுபோவது? ரயில் இருந்த மொஹாவி 165 மைல் தள்ளி இருக்கிறது. நடுவில் மலை, மணல், வெயில். சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதற்காக ராட்சத வண்டிகள் செய்தார்கள். பின்சக்கரம் மட்டும் ஏழு அடி உயரம், ஓர் ஆளை விழுங்கிவிடும். இரண்டு வண்டிகளில் சரக்கு. அவற்றின் பின்னால் மூன்றாவதாக ஒன்று, இரும்புத் தொட்டி, 1,200 காலன் தண்ணீர். இவ்வளவையும் இழுக்க 18 கோவேறு கழுதைகள், 2 குதிரைகள். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 36 டன் வரும். வளைவில் திரும்பும்போது நடுவில் இருக்கும் கழுதைகள் சங்கிலியைத் தாண்டிக் குதித்து, பக்கவாட்டில் நடந்து வண்டியைத் திருப்பும். அது எப்படி என்று படம் போட்டால்தான் புரியும், வானொலியில் முடியாது, விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது அந்த மூன்றாவது வண்டியைப் பற்றி. காசு வருவது வெண்காரத்தில்தான். மூன்றாவது வண்டியிலும் வெண்காரம் ஏற்றினால் இன்னும் காசு. ஆனால் யாரும் அப்படிச் செய்யவில்லை. ஒரு வழிக்குப் பத்து நாள் ஆகும். நாளைக்குப் பதினாறு, பதினேழு மைல். அந்த ஒவ்வொரு நாளுக்கும் தண்ணீர் எங்கே, தீவனம் எங்கே என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும். காலி வண்டியோடு திரும்பி வரும்போது, அடுத்த நடைக்கு வேண்டிய தீவனத்தை வழித்தங்கல்களில் இறக்கி வைத்துக்கொண்டே வருவார்கள். இன்றைக்கு ஏசி போட்ட காரில் போகிற நாம் டிக்கியில் நாலு பெட்டியும் கையில் அரை பாட்டில் தண்ணீருமாகக் கிளம்புகிறோம்.

இன்னொன்றும் உண்டு. கோடை வந்தால் ஹார்மனி ஆலையை ஓட்டமாட்டார்கள். கரைசல் ஆறினால்தான் வெண்காரம் படிகமாகும், அங்கே கோடையில் எதுவும் ஆறுவதே இல்லை. அதனால் வேலையைக் கொஞ்சம் குளிர்ச்சியான அமர்கோசா பக்கம் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். லாபத்துக்காக நடந்த ஒரு கம்பெனியே கோடையில் அந்தப் பள்ளத்தாக்கை வேண்டாம் என்று ஒதுக்கியது. நாம் ஜூலையில்தான் பிள்ளைகளுக்கு லீவு என்று கிளம்புகிறோம்.

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். இதைத் திரும்பவும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் பதிவான மிக அதிகமான காற்று வெப்பநிலை அங்கேதான், 1913 ஜூலை 10, 134 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 56.7. பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது, இரண்டு பக்கமும் மலை. சூடான காற்று மேலே எழும்பும், வெளியே போக வழி கிடைக்காது, திரும்பக் கீழே இறங்கும், இறங்கும்போது அழுத்தத்தில் இன்னும் சூடாகும். மூடி போட்ட சட்டிக்குள் இருப்பது மாதிரிதான். இது காற்றின் கணக்கு. தரையின் கணக்கு வேறு. 1972 ஜூலையில் ஃபர்னஸ் க்ரீக்கில் மண்ணின் மேற்பரப்பு 201 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் கொதிக்க 212 போதும்.

2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பயணி மணல்மேட்டில் செருப்பில்லாமல் மாட்டிக்கொண்டார். பாதம் வெந்துபோயிற்று, மூன்றாம் நிலைத் தீக்காயம். மருத்துவ ஹெலிகாப்டரை அழைத்தார்கள், அது கீழே இறங்க முடியவில்லை. சூடான காற்று லேசாகிவிடும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. அப்புறம் ஆம்புலன்ஸில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். கூப்பிட்டால் உதவி வந்துவிடும் என்கிற நம்பிக்கைக்கும் அங்கே ஒரு வெப்ப எல்லை இருக்கிறது.

சரி, கோடையில்தான் போயாக வேண்டுமா? காலை பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கின் அடியில் நடக்கக் கூடாது. பூங்காக்காரர்கள் சொல்வதும் அதுதான்.

தண்ணீர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நாலு லிட்டர். நாலு பேர் என்றால் நாலு காலன். அது குடிக்க மட்டும். காருக்குத் தனியாகக் கொஞ்சம், ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அதற்கும் சேர்த்து. தண்ணீரோடு உப்பு சேர்ந்த தின்பண்டமும் வேண்டும், வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் டிக்கிக்குள் தள்ளிவிடாதீர்கள், பாதியாவது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பெட்ரோலை வெளியிலேயே நிரப்புங்கள், நெவாடா பக்கமிருந்து வந்தால் பஹ்ரம்பில் அல்லது பீட்டியில். உள்ளே ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமிண்ட் ஸ்பிரிங்ஸ் என்று மூன்று இடங்களில் கிடைக்கும், விலையைப் பார்த்தால் வெயில் மறந்துபோகும். இருந்தாலும் பாதி டேங்க் ஆகிவிட்டால் விலை பார்க்காமல் போடுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் சாவியை வாங்கியதும் டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். இப்போது பல கார்களில் ஸ்டெப்னி கிடையாது, காற்றடிக்கும் சின்னப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. கூரான கல் டயரின் பக்கத்தைக் கிழித்துவிட்டால் அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. ஸ்டெப்னி உள்ள காராகக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள், பெரும்பாலும் எழுதியிருக்கும்.

இப்போது மேப். செல்போன் சிக்னல் பூங்காவில் ஓரிரண்டு இடம் தவிர எங்கும் கிடையாது. அதைவிடப் பெரிய தொல்லை, போனில் உள்ள மேப் எப்போதோ கைவிடப்பட்ட மண் பாதையைக்கூடச் சாலை என்று காட்டும், குறுக்குவழி என்று சொல்லி உள்ளே அனுப்பிவிடும். இப்படிப் போய் மாட்டிக்கொள்வதற்கு ஜிபிஎஸ் சாவு என்று அங்கே உள்ள ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்தில் காகித வரைபடம் கொடுப்பார்கள். வாங்கி, மடித்து வைக்காமல் விரித்துப் பாருங்கள். எந்தச் சாலை தார், எந்தச் சாலை மண் என்று அதில் தெரியும். முதல் தடவை போகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்கவே வேண்டாம்.

ஜிபிஎஸ் கைக்கு வராத காலத்திலேயே நடந்த ஒன்று. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், வாடகை வேனோடு காணாமல் போனார்கள். வேன் அக்டோபரில் அகப்பட்டது, வண்டியே போகாத ஒரு பள்ளத்தில், டயர்கள் பஞ்சராகி. ஆட்கள் இல்லை. பெரியவர்களின் எலும்புகள் கிடைக்க 2009 ஆயிற்று, அதுவும் வேனிலிருந்து மைல் கணக்கில் தள்ளி. கார் நின்றுவிட்டால் காரை விட்டுப் போகாதீர்கள் என்று ரேஞ்சர்கள் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான். மேலிருந்து பார்ப்பவருக்குக் கார் தெரியும், நடக்கிற மனிதர் தெரியமாட்டார். காரின் நிழலும் உங்களுக்கு மிச்சம்.

வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பூங்காவில் அதிக உயிர்களை வாங்குவது கார் விபத்து, அதுவும் எதிரில் வேறு வண்டியே இல்லாத விபத்து. சாலை நேராக, காலியாக இருக்கும், கால் தானாக அழுத்தும், திடீரென்று ஒரு வளைவு. பெல்ட் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஏற்றத்தில் ஏசியை நிறுத்தச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள், நிறுத்துங்கள். சூடு காட்டும் முள் அப்படியும் ஏறினால் ஹீட்டரைப் போட வேண்டும். வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும், எஞ்சினின் சூட்டை அது உள்ளே இழுத்து வெளியேற்றும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

மழையை மறந்துவிட்டேனே. வருடத்துக்கு இரண்டு அங்குலம் பெய்கிற ஊரில் மழை என்ன செய்யும் என்று தோன்றும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. இறுகிப்போன மண் தண்ணீரை உள்ளே விடாது, அத்தனையும் சாலை மேல்தான் பாயும். பூங்கா இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. உப்புத்தரையில் ஏரியே வந்துவிட்டது, மறு வருடம் அதில் படகு விட்டார்கள். எனவே கிளம்புகிற அன்று காலையில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, உங்கள் பட்டியல். சூரியன் உதிக்கும்போது ஜப்ரிஸ்கி, வெயில் ஏறுவதற்குள் பேட்வாட்டர், நடுப்பகலில் நிழலில் ஓய்வு, மாலையில் டான்டேஸ் வியூ. ஆயிரம் அடி ஏறினால் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும், டான்டேஸ் வியூ 5,000 அடிக்கு மேல், குளிர்காலத்தில் போனால் கம்பளிச் சட்டை வேண்டும். ரேஸ்ட்ராக்கை விட்டுவிடுங்கள், அது 27 மைல் கரடுமுரடான பாதை, வாடகைக் காரின் டயர் தாங்காது. கற்கள் எப்படி நகர்கின்றன என்பதை 2014இல் சொல்லிவிட்டார்கள், மெல்லிய பனித்தகடு மிதந்து லேசான காற்றில் தள்ளுகிறது என்று. அதையும் விரிவாகச் சொல்ல ஆசைதான், எதிரில் இருப்பவர் விரலைக் காட்டுகிறார்.

நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். 2023 முதல் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு எடுத்துப் போங்கள்.

இரவு வானத்துக்கென்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. ஒன்று மட்டும். உலக அளவில் இருள் வானப் பூங்கா என்று 2013இல் அங்கீகாரம் பெற்ற இடம் அது. அதனால் அன்றே திரும்பாமல் ஓர் இரவு தங்குங்கள், அமாவாசையை ஒட்டித் தேதி பாருங்கள், அறையை இப்போதே பதிவு செய்யுங்கள், குளிர்காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். நன்றி, வணக்கம்.