பித்தப்பையை எடுத்தாச்சு, இனி என்ன சாப்பிடுறது?

[காட்சி: சாப்பாட்டுத் தட்டு. அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர்.]

ஆபரேஷன் முடிஞ்சுது. வயித்துல நாலு சின்னத் தையல். "கொழுப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு ஒரே வரில சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தட்டு முன்னால உட்கார்ந்ததும்தான் கேள்வியே ஆரம்பிக்குது. முட்டை சாப்பிடலாமா? பால்? எண்ணெயே கூடாதா? ஆயுசு முழுக்கப் பத்தியமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்பவே பதில் சொல்லிடறேன். பெரும்பாலானவங்களுக்கு இல்ல. அது ஏன்னு புரிய, அந்தப் பை இத்தனை நாள் என்ன வேலை பார்த்துச்சுன்னு பார்க்கணும்.

[அனிமேஷன்: கல்லீரல், அதன் அடியில் பேரிக்காய் வடிவப் பை, கீழே சிறுகுடல்.]

பித்தநீரைத் தயாரிக்கிறது பித்தப்பை இல்ல, கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் சுரக்குது. கல்லீரல் ஊற்றுன்னா பித்தப்பை ஒரு தொட்டி. ரொம்பச் சின்னத் தொட்டி, 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். ஆனா உள்ள வந்த பித்தநீர்ல இருந்து தண்ணிய உறிஞ்சி, அதைப் பல மடங்கு கெட்டியாக்கி வச்சிருக்கும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலுக்கு வந்ததும், குடல் கோலிசிஸ்டோகைனின்னு ஒரு ஹார்மோனை விடும். உடனே பை சுருங்கி, அந்தக் கெட்டிப் பித்தநீர் மொத்தமா இறங்கும்.

இறங்கி என்ன பண்ணுது? எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின பாத்திரத்தை வெறும் தண்ணில கழுவிப் பாருங்க, போகாது. சோப்பு பட்டாதான் பிசுக்கு பொடிப்பொடித் துளியா உடையும். பித்தநீர் அந்த சோப்பு. உடைஞ்ச துளிகளைச் செரிக்க வைக்கிறது கணையத்துல இருந்து வர்ற லைபேஸ். அந்த லைபேஸ் உங்களுக்கு இன்னமும் முழுசா வருது. சோப்பும் வருது. சேர்த்து வச்சு ஒரே நேரத்துல கொட்டுற வசதி மட்டும்தான் போச்சு.

[அனிமேஷன்: பை மறைகிறது. பித்தநீர் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் விழுகிறது.]

இப்போ பித்தநீர் நேரா குடலுக்குள்ள சொட்டிக்கிட்டே இருக்கு, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும். தொந்தரவும் ரெண்டு வழியா வருது. ஒரே வேளைல நிறைய கொழுப்பு போனா, அந்த நேரத்துக்குச் சொட்டுற பித்தநீர் போதாது. வயிறு உப்பும், வாயு, சில நேரம் மலம் எண்ணெய் மினுக்கோட போகும். இன்னொன்னு இதுக்கு நேர் எதிர். பித்தநீர்ல இருக்கிற பித்த அமிலத்துல ஏறக்குறைய 95 சதவீதத்தை சிறுகுடலோட கடைசிப் பகுதி உறிஞ்சி கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிடும். அங்க பிடிபடாம பெருங்குடலுக்குத் தப்பிப் போறது கூடிட்டா, அது குடலுக்குள்ள தண்ணிய இழுத்துவிடும். காலைல சாப்பிட்ட கையோட கழிப்பறைக்கு ஓடுறோமே, அதுக்கு பல பேருக்கு இதுதான் காரணம்.

குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. குதிரை நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மேயும், பித்தநீரும் நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வரும். கணக்கு சரியாப் போச்சு. மனுஷனுக்கு இந்தப் பையை முதல்ல எடுத்தது 1882-ல, பெர்லின்ல, கார்ல் லாங்கன்பூக்ங்கிற சர்ஜன். அது இல்லாம வாழலாம்னு தெரிஞ்சு 140 வருஷத்துக்கு மேல ஆச்சு.

அதனால முதல் சில வாரம் நாமளும் குதிரை மாதிரிதான். மூணு பெரிய வேளைக்குப் பதிலா அஞ்சாறு சின்ன வேளை. ஒரு வேளைல எவ்வளவு கொழுப்பு சேருதுங்கிறதுதான் கணக்கு. தடை செய்யப்பட்ட உணவுப் பட்டியல் ஒன்னு கைக்குக் கை சுத்துது, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல.

[திரையில்: ஒரு டீஸ்பூன் எண்ணெய் – சுமார் 5 கிராம் கொழுப்பு. 30 கிராம் நிலக்கடலை – சுமார் 14 கிராம்.]

பாருங்க, பொரிச்சதைத் தொடவே மாட்டேன்னு இருக்கிறவர் ஒரு பிடி கடலையைக் கொறிச்சா, மூணு டீஸ்பூன் எண்ணெய்க்குக் கிட்டத்தட்டச் சமம். கடலை கெட்டதில்ல, ஒரு பிடியை மூணா பிரிச்சு மூணு வேளைல சாப்பிடுங்க, அவ்வளவுதான். எண்ணெயை அடியோட நிறுத்தவும் வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்புல சேரவே கொஞ்சம் கொழுப்பு வேணும்.

நார்ச்சத்துல கரையும் வகைன்னு ஒன்னு இருக்கு. ஓட்ஸ், ஆப்பிள், கேரட்ல கிடைக்கும். அது பித்த அமிலத்தைப் பிடிச்சு வச்சுக்கும், மலம் இறுகும். ஆனா ஒரே நாள்ல கூட்டினா வாயுவால வயிறு கல்லு மாதிரி ஆயிடும், மெதுவா கூட்டுங்க. வெறும் வயித்துல காபி குடிச்சா குடல் வேகம் எடுக்கும். வயித்துப்போக்கு இருக்கிற வரைக்கும் அதைத் தள்ளி வைங்க. சில பேருக்குப் பாலும் காரமும் கூட ஒத்துக்காது. சில பேருக்கு இதெல்லாம் ஒன்னும் பண்ணாது, மலச்சிக்கல்தான் தொந்தரவு. வலி மாத்திரை சில வகைகள் அப்படிப் பண்ணும்.

[காட்சி: காலண்டர் தாள்கள் புரள்கின்றன.]

பெரும்பாலும் சில வாரத்துல, சில பேருக்குச் சில மாசத்துல குடல் பழகிடும். பழகாம வயித்துப்போக்கு நீண்டுக்கிட்டே போனா "இனி இப்படித்தான்"னு விட்டுடாதீங்க. பித்த அமிலத்தைக் கட்டிப்போட கொலஸ்டிரமின் மாதிரி மருந்துகள் இருக்கு. ஆனா அது மத்த மாத்திரைகளையும் சேர்த்துக் கட்டிப்போடும். அதனால எதை எப்போ போடணும்னு டாக்டர்கிட்ட நேரம் கேட்டுக்கோங்க.

காய்ச்சல், நிக்காத வாந்தி, மேல் வயித்துல கடும் வலி, கண்ணு மஞ்சளாகிறது, சிறுநீர் கருத்தும் மலம் வெளுத்தும் போறது – இதுல எது வந்தாலும் சாப்பாட்டை மாத்திப் பார்த்துக்கிட்டு நேரத்தைக் கடத்தாதீங்க. பித்தக்குழாய்ல கல் தங்கியிருக்கலாம், பித்தநீர் கசியலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

[காட்சி: ஒரு நோட்டு, பேனா.]

உடம்பு தேறின பிறகு, விட்டு வச்ச உணவுகளை ஒவ்வொன்னா திரும்பச் சேருங்க. ஒரு நாள்ல ஒரே ஒரு புதுசு. எவ்வளவு சாப்பிட்டீங்க, எத்தனை மணி கழிச்சு என்ன ஆச்சுன்னு எழுதி வைங்க. ரெண்டைச் சேர்த்துச் சாப்பிட்டா எது பண்ணின வேலைன்னு தெரியாது. ரொம்ப நாளா ஏங்கின அந்தப் பொரிச்ச அயிட்டத்துக்கும் ஒரு நாள் வரும். பாதியளவு எடுங்க, சாயங்காலம் வெளியூர் கிளம்புற நாளா மட்டும் இருக்க வேண்டாம். பஸ்ல கழிப்பறை இருக்காது.