மூலைக்கு வந்த யானை

(கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டிப் பரிசளிப்பில் பேசியது)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

முதலில் ஒரு பஞ்சாயத்து. காலையில் இரண்டாவது பலகையில் சண்டை. "யானையை வெட்டிட்டேன்" என்கிறான் ஒருவன். "ஆனையல்ல, தேராணு" என்கிறது எதிரே இருந்த பிள்ளை. இரண்டு பேரும் சரிதான். மூலையில் நிற்பது நமக்கு யானை, மலையாளத்தில் தேர். அவர்களுடைய ஆனை நம்முடைய மந்திரி. அவர்களுடைய மந்திரியோ நம் ராணி! இந்தத் தமிழக-கேரள எல்லையில் பலகையைத் திறந்தால் இரண்டு அகராதி வேண்டும். இப்போதைக்கு நம் பெயர்களிலேயே சொல்கிறேன்.

1970, பெல்கிரேடு. சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் போட்டி. உலக அணியின் முதல் பலகையில், அதாவது முதன்மை ஆட்டக்காரராக, டென்மார்க்கின் பெண்ட் லார்சன். பின்னாளில் உலக சாம்பியனான அமெரிக்காவின் ஃபிஷரே அவருக்கு வழிவிட்டு இரண்டாம் பலகையில் உட்கார்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி.

இரண்டாவது ஆட்டம், லார்சனுக்கு வெள்ளை. நாமெல்லாம் ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவோம். அவர் ராணி பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பிறகு அந்தச் சந்தில் மந்திரி. நடுக்களத்தில் நீ வந்து உட்கார், நான் ஓரத்திலிருந்து குறுக்கே குறிவைக்கிறேன் என்கிற ஆட்டம். மட்டமான யோசனை இல்லை. 1924-ல் நியூயார்க்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ரிச்சர்ட் ரெட்டி இந்த மாதிரி ஓரத்து ஆட்டத்தில்தான், எட்டு வருடம் தோல்வியே காணாத அன்றைய உலக சாம்பியன் காபாபிளாங்காவைச் சாய்த்தார்.

லார்சனுக்கு வினை நாலாவது நகர்த்தலில் வந்தது. 'வா, வந்து விரட்டு' என்பதுபோல் குதிரையை இறக்கினார். ஸ்பாஸ்கியின் சிப்பாய் விரட்டியது. மூன்று முறை ஓடிய குதிரை கடைசியில் இன்னொரு குதிரையோடு மாண்டது. ஒன்பதாவது நகர்த்தலுக்குள் ஸ்பாஸ்கி இரண்டு மந்திரி, ராணி எல்லாம் இறக்கி, ராஜாவைப் பத்திரமாக்கும் கோட்டையும் கட்டிவிட்டார். லார்சனின் ராஜா நட்டநடுவில்.

இனி 14-வது நகர்த்தல். ஸ்பாஸ்கி ஏற்கெனவே ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறார். லார்சனின் யானை மூலையைவிட்டு ஒரு கட்டம் ஒதுங்குகிறது. உடனே ஸ்பாஸ்கியின் யானை அந்தக் கோடியிலிருந்து ஒரே ஓட்டமாக வந்து, காலியான அதே மூலையில் நிற்கிறது. வெட்டிக்கொள்! வெட்டாமல் வழியில்லை. வெட்டியதும் கறுப்புச் சிப்பாய் ஒரு படி ஏறி, ராணியாக இன்னும் ஒரே கட்டம் என்று நிற்கிறது. 17-வது நகர்த்தலில் வெட்டிய யானையையே அது வெட்டி ராணியானது. லார்சன் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். அவருடைய ராணி பக்கத்து யானையும் குதிரையும் கடைசிவரை நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை.

அடுத்த ஆட்டத்திலேயே லார்சன் ஸ்பாஸ்கியை ஜெயித்தார்; அது வேறு கதை. காலையில் சண்டை போட்ட இரண்டு பேரும் இப்படி வாருங்கள். 14-வது நகர்த்தல்வரை பலகையில் அடுக்குங்கள். யானையோ தேரோ, அந்த மூலை மட்டும் காலியாக இருக்கட்டும்.