ஓட்டு இல்லாதவர்களுக்காகப் பேசியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரைகளைப் பற்றிப் பேசும்படி உதகை வானொலி நிலையத்தார் என்னை அழைத்தார்கள். எந்த நாட்டு நாடாளுமன்றம் என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரியிலும் குன்னூரிலும், கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்திலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதை, 1948ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த ஒரு விவாதத்தில்தான் தொடங்குகிறது. என் குடும்பமும் அப்படி வந்ததுதான். இலங்கையின் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்த கைகள், பிறகு இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தன.

அந்த விவாதத்தில் எங்களுக்காக எழுந்து பேசியவர்களில் ஒருவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். தந்தை செல்வா என்று சொன்னால் பலருக்குத் தெரியும். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கொழும்பில் பெயர் பெற்ற சிவில் வழக்கறிஞர். 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து முதல் முறையாக அவைக்குப் போனார். மேடையை அதிரவைக்கும் பேச்சாளர் இல்லை. குரல் மெல்லியது. பிற்காலத்தில் நடுக்கு வாதம் வந்து, பேச்சு பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காத நிலை. அடுக்கு மொழிக்குக் கை தட்டிப் பழகிய நமக்கு, இப்படி ஒருவர் எப்படி ஒரு மக்களுக்குத் தலைவரானார் என்று வியப்பாக இருக்கும். அவருடைய பேச்சை அவைக் குறிப்பில் படித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வழக்குமன்றத்தில் வாதம் வைப்பதைப் போல ஒன்றன் மேல் ஒன்றாகக் காரணங்களை வைத்துக்கொண்டு போகிறார்.

சரி, அப்போது என்ன நடந்தது?

1948 பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. 1946 கணக்கெடுப்பின்படி, தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களின் வழிவந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். இலங்கைத் தமிழர்களைவிடவே எண்ணிக்கையில் சற்று அதிகம். 1947 தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அது மட்டுமில்லை, தோட்டத் தொழிலாளர் ஓட்டு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளையும் கரையேற்றியது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு அரசாங்கத்துக்கு நன்றாகப் புரிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் குடியுரிமைச் சட்டம் அவைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம். இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். படிக்கும்போது எல்லோருக்கும் பொதுவான சட்டம் மாதிரியே இருக்கும். இந்தியர், தமிழர் என்ற சொல் அதில் தேவைப்படவே இல்லை. ஆனால் பிறப்பைக் கட்டாயமாகப் பதியும் வழக்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் வந்தது. தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்து லயத்தில் செத்த ஒரு தொழிலாளி, தன் அப்பாவின் பிறப்புச் சான்றை எங்கே போய் எடுப்பார்? பிறந்த நேரத்தில் அவரை எழுதி வைத்தது தோட்டத்துப் பேரேடு ஒன்றுதான். அதுவும் இருந்தால் உண்டு. சட்டத்தின் அநியாயம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனைக்குள் இருக்கிறது.

எதிர்க்கட்சி வரிசை அன்று இனம் பார்க்காமல் எழுந்து நின்றது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா சிங்களவர். இந்த வகை இனவாதம் ஹிட்லரோடு ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேனே என்ற பொருளில் அவர் அவையில் பேசினார். கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமனும் எதிர்த்தார். செல்வநாயகம் அப்போது இருந்த கட்சியான தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமும் எதிர்த்து வாக்களித்தார். எல்லாம் இருந்தும் சட்டம் நிறைவேறியது. மற்றவர்களின் ஆதரவோடு அரசாங்கத்திடம் எண்ணிக்கை இருந்தது.

இனி வருவதுதான் நான் உங்களிடம் விரிவாகச் சொல்ல நினைத்த பகுதி.

அடுத்த மாதமே பொன்னம்பலம் சேனநாயக்கா அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். உள்ளே இருந்தால் ஏதாவது செய்ய முடியும் என்பது அவர் வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனை காகித ஆலை என்று தமிழ்ப் பகுதிக்கு வந்த தொழிற்சாலைகளோடு அவர் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். ஆனால் டிசம்பரில் இரண்டாவது மசோதா வந்தது: இந்திய, பாகிஸ்தானிய வசிப்பாளர் குடியுரிமை மசோதா. இத்தனை ஆண்டு இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும், போதிய வருமானம் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வைத்து, வாசலைத் திறப்பது போலத் திறந்து முக்கால்வாசி மூடிய சட்டம். பிறகு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அந்த மசோதாவைப் பொன்னம்பலம் ஆதரித்தார். ஆகஸ்டில் பேசியது ஒன்று, டிசம்பரில் வாக்களித்தது இன்னொன்று.

செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தார்கள். தங்கள் சொந்தத் தலைவரை மீறித்தான் எதிர்த்தார்கள். அந்த டிசம்பர் விவாதத்தில் செல்வநாயகம் சொன்னதன் சாரம் இது: இன்று எங்களை நேரடியாக அடிக்கவில்லை, இந்த வரிசையில் அடுத்து வரப்போவது மொழிப் பிரச்சினை, அது வரும்போது எங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும், அதோடும் இது முடியாமல் போகலாம்.

இதை அவர் சொன்ன ஆண்டு 1948. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் 1956 ஜூனில் வந்தது. அந்த மசோதா அவைக்கு வந்த ஜூன் 5ஆம் தேதி, கொழும்பின் காலிமுகத்திடலில் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்தது. செல்வநாயகத்தின் கட்சி உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு அவைக்குள் நுழைந்தார். ஏழரை ஆண்டுகளுக்கு முன்பே அவைக் குறிப்பில் அச்சாகிக் கிடந்த எச்சரிக்கை அது. அதைக் கேட்கும் நிலையில் அன்று ஆளும் வரிசையில் யாரும் இல்லை.

செல்வநாயகம் யாருக்காகப் பேசினார் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய தொகுதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரை. அங்கே தேயிலைச் செடி கிடையாது. மலையகத் தொழிலாளி ஒருவர்கூட அவருக்கு ஓட்டுப் போடப்போவதில்லை. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமகன் இல்லாதவர்களின் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டார்கள். ஆக, அவர் வாதாடியது எந்தத் தொகுதியிலும் எவருக்கும் ஓட்டுப் போட முடியாதவர்களுக்காக. அந்த ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். மலையகத் தமிழர் தரப்பிலிருந்து அந்த ஆண்டு ஒரு பிரதிநிதியும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தொண்டமான் மக்கள் ஓட்டால் மறுபடி அவைக்குப் போனது 1977இல்தான். இடையில் முப்பது ஆண்டுகள். நியமன உறுப்பினராக அவர் இருந்த காலம் உண்டு, ஆனால் நியமனம் வேறு, தேர்தல் வேறு.

செல்வநாயகத்தைத் தெய்வமாக்கிப் பேச நான் வரவில்லை. அவருடைய பதிவை முழுதாகப் படித்தால் குறையும் தெரியும். 1957 ஜூலையில் அவரும் பிரதமர் பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பிராந்திய சபைகள், நிலக் குடியேற்றம், தமிழ் மொழி பற்றியெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றி வருவது என்ன? தமிழரசுக் கட்சியினர் தங்கள் கருத்தை வற்புறுத்தினார்கள், பிரதமர் விரைவில் கவனிப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்த ஒப்பந்தமே கிழிந்துபோனது. அவையில் அத்தனை உறுதியாக நின்றவர், பேரம் பேசும் மேசையில் எங்களை ஓரமாக வைத்துவிட்டார் என்ற ஆதங்கம் தோட்டத்துக்காரர்களுக்கு இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 1948 டிசம்பரில் கட்சித் தலைமையை எதிர்த்து நின்ற அந்த நாளின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருவருடைய பதிவில் இரண்டும் இருக்கும். இரண்டையும் படிக்க வேண்டும்.

அப்புறம் 1964 அக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த மக்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு இருந்தவரை சொல்லிவந்த நிலையை, அவர் மறைந்த அதே 1964இல் டெல்லி மாற்றிக்கொண்டது. இதில் எந்த மேசையிலும் தோட்டத் தொழிலாளியின் பிரதிநிதி ஒப்பமிடவில்லை. அவர்களுக்கு எந்த அவையிலும் தேர்தலில் வென்ற குரல் இல்லாத காலம் அது என்பதை மறக்கக் கூடாது. ஓட்டை 1949இல் எடுத்துவிட்டால், ஆளை 1964இல் பிரித்துக்கொள்வது சுலபமாகிவிடுகிறது.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப் வழியாகப் பலர் இங்கே வந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய டேன்டீ அதிலிருந்து வளர்ந்தது. தாயகம் திரும்பியோர் என்பது அரசுக் காகிதத்தில் இருக்கும் பெயர். ஊரில் சிலோன்காரர்கள் என்பார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே வேலை கிடைத்தது என்பது உண்மை. அந்த உண்மைக்காகப் பிரிவை மறந்துவிடச் சொல்ல முடியாது.

காகிதம் இன்னும் எங்களைத் துரத்துகிறது. பேரப்பிள்ளை கல்லூரியில் சேர சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், தாயகம் திரும்பியபோது பாட்டனுக்குக் கொடுத்த பேமிலி கார்டு எங்கே, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கிறார்கள். 1948இல் கொழும்பில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. உன் தகப்பன் எங்கே பிறந்தான், எழுத்தில் காட்டு என்பதுதான் அன்றும் கேள்வி.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் அந்த நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1948இல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து தோற்ற வாதத்தை, 55 ஆண்டுகள் கழித்து அவை முழுவதும் ஏற்றுக்கொண்டது. செல்வநாயகம் அதைப் பார்க்கவில்லை. 1977 ஏப்ரல் 26ஆம் தேதியே காலமாகிவிட்டார்.

நாடாளுமன்றப் பேச்சு என்றால் இப்போது ஒரு நிமிட வீடியோவாகத்தான் நம் கைப்பேசிக்கு வருகிறது. குரல் உயர்ந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து ஒருவரை நல்ல உறுப்பினர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர் முழு உரையில் என்ன கேட்டார், வாக்கெடுப்பு நாளில் எந்தப் பக்கம் நின்றார், தனக்கு ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி எப்போதாவது வாய் திறந்தாரா என்று பார்க்க விரும்புகிறேன். நம் மக்களவையின் விவாதங்கள் 1952 முதல் இன்றுவரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீலகிரியிலிருந்து போன ஆளுங்கட்சி உறுப்பினர், எதிர்க்கட்சி உறுப்பினர் எல்லோருடைய பேச்சும் அங்கே இருக்கிறது. ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து அதில் ஒரு நாள் விவாதத்தையாவது முழுதாகப் படிக்கச் சொல்லலாம்.

கப்பலில் வந்தவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பேமிலி கார்டை நகல் எடுத்து, அசலைப் பத்திரமாக வையுங்கள். செல்லரித்துப் போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.