அந்தச் சாப்பாட்டை எடுத்துத் தின்றது யார்?

எல்லோருக்கும் வணக்கம். முன்னுரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்களை ஒரு நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

கூண்டில் ஒரு பையன் நிற்கிறான். பெயர் க்ரோனோ. நாட்டின் இளவரசியைக் கடத்திக்கொண்டு போனான் என்று வழக்கு. ஜூரிகள் ஏழு பேர். அவனுக்கு எதிராக வாதாடுபவர் அரண்மனை அமைச்சர். அவர் கடத்தலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு உட்காரவில்லை, இந்தப் பையனின் குணமே சரியில்லை என்று ஆரம்பித்து, திருவிழாவில் அவனைப் பார்த்தவர்களை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். மேஜைமேல் வைத்திருந்த தன் சாப்பாட்டை இவன் எடுத்துத் தின்றுவிட்டான் என்கிறார்.

தின்றது நான்தான். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் திருவிழா மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மேஜைமேல் அது இருந்தது, பட்டனை அழுத்தினேன், தின்றாயிற்று, அப்படியே மறந்தும் போனேன். இந்த மாதிரி வீடியோ விளையாட்டு ஆடியவர்களுக்குத் தெரியும், யார் வீட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைவோம், பானையைத் திறப்போம், பெட்டியைத் திறப்போம், இருப்பதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவோம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு இன்றைக்கு வானிலை நன்றாக இருக்கிறது என்பார். அதுதான் வழக்கம், அதை யாரும் தப்பாக நினைத்ததே இல்லை. முதல்முறையாக ஒரு விளையாட்டு என்னைக் கூண்டில் ஏற்றி, அதை எடுத்தது நீதானே என்று கேட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சூடாகிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் க்ரோனோ ட்ரிக்கர். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சாப்பாடு மட்டும் இல்லை. திருவிழாவில் ஒரு பெண் நம்மேல் வந்து மோதி விழுவாள், அவள் கழுத்துப் பதக்கமும் தெறித்து விழும். நீங்கள் முதலில் போய்ப் பார்த்தது அவளையா, பதக்கத்தையா? அவள் மிட்டாய்க் கடையில் நின்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது பொறுமையாகக் காத்திருந்தீர்களா, இழுத்துக்கொண்டு போனீர்களா? பூனையைத் தொலைத்த சின்னப் பெண்ணுக்கு அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்களா? ஒன்றைக்கூட விடாமல் இந்த விளையாட்டு குறித்துவைத்திருக்கிறது. பூனையைக் கொடுத்திருந்தால் அந்தச் சின்னப் பெண்ணே வந்து உங்களுக்காகச் சாட்சி சொல்வாள். ஜூரிகள் ஒவ்வொருவராக வந்து குற்றவாளி, குற்றவாளி இல்லை என்று பிரிந்து நிற்பார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் க்ரோனோ சிறைக்குத்தான் போகிறான், கதை அதே வழியில்தான் நகர்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிட்டியா என்று கேட்பார், கதை நின்றுவிடும். நம் ‘உம்’ கதையை மாற்றாது, ராஜகுமாரன் போகிற காட்டுக்குத்தான் போவான். ஆனாலும் அந்தச் சத்தம் இல்லாமல் கதை ஓரடி நகராது. ஜப்பானிய ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில், அதாவது ஒரு பாத்திரமாகக் கதைக்குள் போய் ஆடும் விளையாட்டுகளில், வசனப் பெட்டியைத் தள்ளுவதற்கு நாம் அழுத்துகிற அந்த ஒரு பட்டன் இருக்கிறதே, எனக்கு அது எப்போதும் ‘உம்’ கொட்டுவதாகவே தோன்றும். பெரும்பாலான விளையாட்டுகள் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். க்ரோனோ ட்ரிக்கர் நம் ‘உம்’மை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. முப்பது வருடம் கழித்தும் இதைப் பற்றிப் பேச ஒருவன் மேடை ஏறி நிற்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1995 மார்ச் 11 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவிக்காக ஸ்க்வேர் நிறுவனம் வெளியிட்டது. ஃபைனல் ஃபேன்டஸி விளையாட்டை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட் விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் காமிக்ஸை வரைந்த அகிரா தோரியாமா, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், டிராகன் குவெஸ்ட் எனிக்ஸ் நிறுவனத்தினுடையது, ஸ்க்வேருக்கு நேரடிப் போட்டி. அந்த இரண்டு நிறுவனங்களும் இணைந்ததே 2003இல்தான். கதையின் பெரும்பகுதியை எழுதியவர் மசாட்டோ கட்டோ. எல்லாம் சேர்ந்து 32 மெகாபிட் கார்ட்ரிட்ஜ், அதாவது 4 எம்.பி. இப்போது உங்கள் கையில் இருக்கிற போனில் ஒரு போட்டோ எடுத்தால் அந்த அளவு வரும். அதற்குள் ஒரு உலகத்தை வைத்து, அதன் ஆறரைக் கோடி வருடத்தையும் வைத்தார்கள்.

கதை கால் பங்கு சொல்கிறேன், மீதியை நீங்கள் விளையாட வேண்டும். கார்டியா என்ற நாட்டின் ஆயிரமாவது ஆண்டுத் திருவிழா. க்ரோனோவின் தோழி லூக்கா கண்டுபிடித்த இயந்திரத்தில் ஏறிய மார்ல், அதாவது திருவிழாவில் நம்மேல் மோதிய அந்தப் பெண், கி.பி. 600க்குள் இழுக்கப்பட்டுவிடுகிறாள், இவன் பின்னாலேயே போகிறான். மார்ல்தான் அந்த இளவரசி, அவளைத் திரும்பக் கூட்டிவந்ததும் நடப்பதுதான் அந்த நீதிமன்ற வழக்கு. சிறையிலிருந்து தப்பித்து ஓடும்போது கால வாசல் ஒன்றில் குதித்து கி.பி. 2300இல் போய் விழுகிறார்கள்.

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 2300இல் உலகம் செத்துக் கிடக்கிறது. வானம் சாம்பல், மிச்சமிருக்கும் மனிதர்கள் கூரைக்கடியில் முடங்கிக் கிடக்கிறார்கள், சாப்பாடு இல்லை. உடம்பைத் தேற்றும் ஒரு கருவி மட்டும் இருக்கிறது. அதற்குள் நுழைந்து வந்தால் நம் பலம் முழுக்கத் திரும்பிவிடும், அப்புறம் ஒரு வரி வரும்: ஆனால் பசி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த வரி வரும். நமக்கு அது பலம் ஏற்றிக்கொள்ளும் இடம், அந்த மனிதர்களுக்கு அதுதான் முழு வாழ்க்கை. உணவுக் கிடங்கைத் தேடிப் போனால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும், செத்துப்போன ஒருவர் பக்கத்தில் ஒரே ஒரு விதை கிடைக்கும். அதைக் கொண்டுவந்து பெரியவரிடம் கொடுக்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பழைய பதிவைப் பார்க்கிறார்கள், 1999இல் பூமிக்கடியிலிருந்து லாவோஸ் என்ற ராட்சத உயிர் ஒன்று வெடித்துக் கிளம்பி உலகத்தை எரித்த நாள். அதைத் தடுப்போம் என்று முதலில் சொல்வது மார்ல்தான். யாரும் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, தீர்க்கதரிசனம் எதுவும் கிடையாது, பட்டினி கிடப்பவர்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். திருவிழாவில் ஒருவர் சாப்பாட்டை யோசிக்காமல் எடுத்துத் தின்றவன் நான். அங்கே நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தது.

சண்டைகள் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஆர்.பி.ஜி.க்களில் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று ஸ்க்ரீன் மாறி எங்கிருந்தோ எதிரி வருவான், இதில் எதிரிகள் கண்ணுக்கு முன்னால் நடமாடுகிறார்கள், சண்டை அதே இடத்தில் நடக்கிறது. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒரே அடியாக அடிக்கும் உத்திகள் உண்டு, யாரோடு யாரைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்ப்பதே தனி சுகம். டைனோசர் காலத்துப் பகுதி மட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, மற்ற காலங்களில் இருக்கும் கனம் அங்கே இல்லை.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. யசுனோரி மிட்சுடா அப்போது ஸ்க்வேரில் ஒலிகள் தயாரித்துக்கொண்டிருந்த இளைஞர். இசையமைக்க விடுங்கள், இல்லாவிட்டால் போகிறேன் என்று சகாகுச்சியிடமே போய்ச் சொன்னார். கிடைத்தது இந்த வேலை. உடம்பு கெடும் அளவுக்கு உழைத்தார், மிச்சமிருந்த பாடல்களை நொபுவோ உயெமாட்சு முடித்துக் கொடுத்தார். மார்லைத் தேடி க்ரோனோ தன்னந்தனியாக 600ஆம் ஆண்டில் காலடி வைத்து வரைபடத்துக்கு வரும்போது ஒரு இசை ஆரம்பிக்கும், காற்று வீசுகிற மாதிரி, எதையோ தொலைத்த மாதிரி. அந்த நேரத்தில் கதையில் அப்படி ஒன்றும் சோகம் நடந்திருக்காது. ஆனால் நீங்கள் 400 வருடம் தள்ளி நிற்கிறீர்கள், வீடு என்று ஒன்று இன்னும் கட்டப்படவே இல்லை என்பதை அந்த இசைதான் சொல்லும். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி சொல்வது கதையின் நடுப்பகுதி, தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் இரண்டு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

க்ரோனோ பேசவே மாட்டான். மற்றவர்கள் கேட்பார்கள், நாம் ஆம், இல்லை என்று தேர்ந்தெடுப்போம், அதுதான் அவன் பேச்சு. அதாவது அவனே நம் ‘உம்’தான். கி.மு. 12,000இல், கடலுக்கடியில் இருக்கும் அரண்மனையில் லாவோஸ் விழித்துக்கொள்கிறது, எல்லோரும் வீழ்ந்து கிடக்கிறார்கள், இவன் மட்டும் எழுந்து முன்னால் போய் நின்று கையை உயர்த்துகிறான். அப்படியே கரைந்துபோகிறான். கடைசி வசனம் கிடையாது, ஏனென்றால் அவனுக்கு வசனமே கிடையாது. அதற்கப்புறம் விளையாட்டு தொடர்கிறது. மார்லோ லூக்காவோ முன்னால் நடக்கிறார்கள், நாம் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கிறோம், இத்தனை மணி நேரம் நம் கையாக இருந்தவன் மட்டும் இல்லை. நாயகனை நடுவில் கொன்ற கதைகள் நிறைய இருக்கலாம், நாயகன் போன பிறகும் என் விரலை மட்டும் வேலை செய்ய வைத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அவனைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது. அதற்கு அவன் உருவத்தில் ஒரு பொம்மை வேண்டும், அது கிடைக்கும் இடம் அதே ஆயிரமாவது ஆண்டுத் திருவிழாவில் ஒரு கூடாரம். பொம்மையோடு பனிமலை ஏற வேண்டும். கட்டாயம் இல்லை. அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய் லாவோஸை வென்று கதையை முடிக்கலாம், அதற்கும் ஒரு முடிவு எழுதிவைத்திருக்கிறார்கள். பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு, ஒருமுறை முடித்தபின் அதே பலத்தோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், லாவோஸை எந்தக் கட்டத்தில் வெல்கிறோமோ அதற்கேற்ற முடிவு வரும். தொடக்கத்திலேயே போய் வென்றுவிட்டால் இதைச் செய்தவர்களே ஒரு அறையில் உங்களைச் சந்தித்துப் பேசுவார்கள். ஆனால் அந்தப் பனிமலை ஏறுவது உங்கள் விருப்பம் என்று விட்டிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏறியே ஆக வேண்டும் என்றிருந்தால் அது இன்னொரு வேலை. ஏற வேண்டாம் என்று இருக்கும்போது ஏறுகிறவர், அவனைத் தேடித்தானே ஏறுகிறார்.

காதைத் திறந்துகொள்ளலாம். இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

600ஆம் ஆண்டில் ஒரு பாலைவனம். அதை மறுபடி காடாக்க ஃபியோனா என்ற பெண் ஆசைப்படுகிறாள், ஆனால் அது ஒரு மனித ஆயுளில் முடிகிற வேலை இல்லை. நம் கூட்டத்தில் 2300இலிருந்து வந்த ரோபோ இருக்கிறது. நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. விட்டுவிட்டு கால ஊர்தியில் ஏறி 1000ஆம் ஆண்டுக்கு வருகிறோம், நமக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இறங்கினால் பாலைவனம் இருந்த இடத்தில் பச்சைக் காடு, உள்ளே ஒரு கோயில், கோயிலுக்குள் துருப்பிடித்து அசையாமல் ரோபோ. 400 வருடம். லூக்கா பழுது பார்த்து எழுப்புகிறாள். அன்றிரவு எல்லோரும் காட்டுக்குள் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள். காலத்தில் இப்படிப் பயணம் போக முடிவதற்குக் காரணமே, யாரோ ஒருவர் தன் பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்க விரும்புவதுதானோ என்று ரோபோ சொல்கிறது. லூக்கா அப்போது அதிகம் பேசவில்லை.

எல்லோரும் தூங்கியபின் அவள் மட்டும் எழுந்து நடக்கிறாள். சிவப்பாக ஒரு கால வாசல். உள்ளே போனால் 990, அவள் வீடு, அவளுக்கு 9 வயது. அம்மா லாராவின் பாவாடை இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது, சின்ன லூக்கா பதறுகிறாள். அம்மா அன்றைக்கு நடக்க முடியாமல் போனவர், அதற்குப் பிறகுதான் மகள் இயந்திரங்களைக் கற்கத் தொடங்கினாள். இயந்திரத்தை நிறுத்த ஒரு ரகசியச் சொல் உண்டு. மனைவியின் பெயர்தான் என்று அப்பா அந்த வீட்டிலேயே ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். கன்ட்ரோலரில் எல், ஏ, ஆர், ஏ, நான்கு அழுத்தல்கள். சில நொடிகள்தான் நேரம்.

முதல்முறை ஆடும்போது குறிப்பைப் படித்திருந்தேன், ஆனால் அதைப் பட்டனில் அழுத்த வேண்டும் என்று புரியவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன், அலறல் கேட்டது, நேரம் போய்விட்டது. முன்பு சேமித்துவைத்த இடத்துக்கு, அதாவது பழைய சேவுக்கு, திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை, ஏதோ அது சரியில்லை என்று பட்டது. மீதி விளையாட்டு முழுக்க லூக்காவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் அங்கே போவதையே குறைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை, சில மாதம் கழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். திருவிழாவில் அந்தப் பெரியவரின் சாப்பாட்டைத் தொடவில்லை, பூனையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காட்டுக்கு வந்த இரவில் இரண்டு கட்டை விரலும் வியர்த்திருந்தன. எல், ஏ, ஆர், ஏ. இயந்திரம் நின்றது. விடிந்ததும் மற்ற வேலைகளை விட்டுவிட்டு நேராக லூக்காவின் வீட்டுக்குப் போனேன். லாரா வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். கிட்டே போய்ப் பேசவில்லை. வாசல் பக்கம் நிறுத்திவிட்டு, அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.