படிக அமைப்பு தெரிந்தால் காந்த ஒழுங்கும் தெரிந்துவிடுமா?

அருமண் உலோகச் சேர்மங்களைப் பற்றிய சென்ற உரைக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் குடைந்துகொண்டே இருந்தது. "எக்ஸ் கதிர் ஆய்வில் படிக அமைப்பு முழுவதும் தெரிந்துவிட்டால், அச்சேர்மம் ஃபெர்ரோகாந்தமா, எதிர்ஃபெர்ரோகாந்தமா என்பதையும் அதிலிருந்தே சொல்லிவிட முடியாதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். அணுக்களாகிய சிறு காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் நின்றால் ஃபெர்ரோகாந்தம்; ஒன்றுக்கொன்று எதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால் எதிர்ஃபெர்ரோகாந்தம். முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்பதில்தான் சுவை இருக்கிறது.

அருமண் உலோகமான கடோலினியமும் துத்தநாகமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேரும்போது, கனசதுரத்தின் மூலைகளில் ஒன்றும் நடுவில் மற்றொன்றுமாக, சீசியம் குளோரைடு வகையில் அடுக்கப்படுகின்றன. துத்தநாகத்தின் இடத்தில் வெள்ளியை வைத்தாலும் இதே அமைப்புதான். பக்க நீளம் ஏறத்தாழ 3.60 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.65 ஆக நீள்கிறது, அவ்வளவே. ஆனால் முதல் சேர்மம் சுமார் 270 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோகாந்தமாகிறது. இரண்டாவதோ, ஏறத்தாழ அதில் பாதி வெப்பநிலைக்குக் கீழே எதிர்ஃபெர்ரோகாந்தமாகிறது.

வழக்கமாக நம் உரைகளைக் கேட்பவர்களுக்கு இதன் காரணம் நினைவிருக்கும். இருந்தாலும் மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான். அருமண் அணுவின் காந்தத்தன்மையைத் தாங்கி நிற்பவை 4எஃப் என்னும் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள். இவை அணுவின் உள்ளே ஆழமாகப் பதுங்கியிருப்பதால், அடுத்த அணுவின் 4எஃப் எலக்ட்ரான்களை நேரடியாகத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் இடையே தூது செல்பவை உலோகத்தில் தடையின்றி உலவும் கடத்து எலக்ட்ரான்களே. ருடர்மன், கிட்டல், கசுயா, யோசிடா ஆகியோர் 1954 முதல் 1957 வரை வகுத்த கோட்பாட்டின்படி, இந்தத் தூது தொலைவைப் பொறுத்து "என்னைப் போலவே நில்" என்றும் "எனக்கு எதிராக நில்" என்றும் மாறி மாறி ஒலிக்கிறது. எந்தத் தொலைவில் எது ஒலிக்கும் என்பதைக் கடத்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. வெள்ளி ஓர் எலக்ட்ரானையும், துத்தநாகம் இரண்டையும் தருகின்றன. கடோலினியமும் வெள்ளியும் சேர்ந்த சேர்மத்தில் வெள்ளியின் ஒரு பங்கை எடுத்துவிட்டு, மூன்று எலக்ட்ரான்கள் தரும் இண்டியத்தைச் சேர்த்துக்கொண்டே போனால், எதிர்ஃபெர்ரோகாந்தம் ஃபெர்ரோகாந்தமாக மாறிவிடுகிறது. எக்ஸ் கதிர் படத்தில் இதற்கான தடயத்தைத் தேடிப் பயனில்லை. தாமே சிறு காந்தங்களான நியூட்ரான்களைச் செலுத்திப் பார்க்க வேண்டும். கடோலினியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும் என்பதால், இன்னோர் அருமண் உலோகமான டெர்பியமும் வெள்ளியும் சேர்ந்த சேர்மத்தை அப்படிப் பார்த்தார்கள். குளிர்வித்தபோது, காந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு அலகான காந்த அலகுக்கூடு, அணுக்களின் அடுக்கு திரும்ப வரும் படிக அலகுக்கூட்டைவிடப் பெரியது என்று காட்டும் புதிய முகடுகள் நியூட்ரான் சிதறலில் தோன்றின.

அப்படியானால் படிக அமைப்புக்கு இதில் வேலையே இல்லையா? நேயர் இதைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது அந்தச் சிறு காந்தங்கள், தமக்குள் இணையாக நிற்பது ஒரு செய்தி. படிகத்தின் எந்த அச்சை நோக்கி நிற்கின்றன என்பது வேறொரு செய்தி. இந்த இரண்டாவதில் படிக அமைப்பின் கை ஓங்கியிருக்கிறது.

இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாற்கோண அலகுக்கூட்டில் 68 அணுக்கள் உள்ளன. சுற்றியுள்ள அணுக்கள் உண்டாக்கும் மின்புலத்தில், தட்டையாக்கிய பந்தைப் போன்ற நியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான் மேகம் குறுக்காகப் படுத்துக்கொள்வதால், அதன் காந்தத் திருப்புத்திறன் நெடிய அச்சின் வழியே நிற்கிறது. அதே அமைப்பில் சமேரியத்தை வைத்தால், அதன் மேகம் நீட்டிய பந்தாக இருப்பதால், காந்தத் திருப்புத்திறன்கள் அச்சைவிட்டுக் குறுக்குத் தளத்தில் சாய்ந்துவிடுகின்றன. இரும்பு தன்னளவில் அச்சையே விரும்பியும் பயனில்லை. முதல் சேர்மம் வலிமையான நிலைக்காந்தமாகிறது. இரண்டாவதை அந்த வேலைக்கு யாரும் தேடுவதில்லை. நியோடிமியச் சேர்மத்தைக்கூட 135 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், அணுக்களின் அடுக்கில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலேயே, காந்தமாக்கல் அச்சிலிருந்து மெல்லச் சாயத் தொடங்கி, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 30 பாகை வரை சாய்ந்துவிடுகிறது.