மொட்டைக் கடிதாசியும் கூட்டுக் கதையும்

கோடைப் பண்பலை நேயர்களுக்கு வணக்கம். எங்கள் பூம்பாறையில் மழை பிடித்துக்கொண்டால் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுவோம். அத்தகைய இரவுகளை, ஒரே கதைத்தொடரை நேசிக்கும் முகம் தெரியாத நண்பர்களோடு கைப்பேசியில் ரோல்பிளே ஆடிக் கழித்தவள் நான். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரமாகவே நின்று, மாறி மாறிப் பத்தி பத்தியாக எழுதிக் கதையை வளர்ப்பதுதான் அந்த ஆட்டம். எழுதுகிறவரை ‘மன்’ என்றும் அவர் எழுதும் பாத்திரத்தை ‘மியூஸ்’ என்றும் அங்கே பிரித்துச் சொல்வார்கள். பாத்திரத்தின் சீற்றத்தை எழுதியவரின் சீற்றமாக யாரும் கொள்ளக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம் அது.

இந்தக் குழுக்களில் ‘கன்ஃபெஷன்’ என்றொரு பழக்கமும் உண்டு. மனத்தில் உள்ள குறையைப் பொறுப்பாளருக்கு அனுப்பினால், அவர் அனுப்பியவரின் பெயரை நீக்கிவிட்டு எல்லாரும் படிக்கும்படி வெளியிடுவார். நம் ஊர்களில் இதைத்தான் மொட்டைக் கடிதாசி என்கிறோம். ஊருக்குள் அப்படி ஒன்று வந்தால், அதில் சொல்லப்பட்ட குறையை விட்டுவிட்டு, கையெழுத்து யாருடையது என்றுதான் எல்லாரும் ஆராய்வார்கள். குழுவிலும் அதுவே நடக்கிறது. ‘வில்லனாக எழுதும் ஒருவர் மற்றவரை நகரவே விடுவதில்லை’ என்று ஒரு வரி வெளியானால், வில்லனாக எழுதும் நான்கு பேரும் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று மனம் குமைவார்கள். உண்மையில் திருந்த வேண்டியவருக்கோ எந்தக் காட்சியில், எந்த வரியில் பிழை நேர்ந்தது என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

பெயரும் முகமும் மறைந்திருக்கும்போது, நேரில் சொல்லத் துணியாததை மனிதர் இணையத்தில் சொல்லிவிடுவதைப் பற்றி உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதினார். அந்த மறைவு சிலரை மனம் திறக்க வைக்கிறது, சிலரைக் கொடுமையாகப் பேச வைக்கிறது என்று இரண்டையுமே அவர் கண்டார். தனக்குத் தொல்லை தருபவரைப் பற்றிப் பொறுப்பாளரிடம் சொல்ல வரும் புதிய பெண்ணுக்கு அந்த மறைவு கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. சக எழுத்தாளரின் எழுத்தைக் குறை சொல்வதற்கு அது வேண்டாம் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

ஒரு போர்க்காட்சியில், தம் பாத்திரம் வாள் வீசியதோடு, என் பாத்திரம் வெட்டுப்பட்டு விழுந்ததையும் என் தோழியே எழுதிவிட்டார். பிறர் பாத்திரத்தைத் தன் விருப்பப்படி ஆட்டிவைக்கும் இந்தப் பிழைக்கு ‘காட்மாடிங்’ என்று பெயர். “வாளை ஓங்குவது வரை நீங்கள் எழுதுங்கள் அக்கா, நான் விலகினேனா விழுந்தேனா என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள்” என்று தனிச்செய்தி அனுப்பியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நானோ பெயர் மறைத்துக் கன்ஃபெஷன் அனுப்பினேன். அதன்கீழே பலர் கூடி, எழுத்தை விட்டு அவரையே ஏளனம் செய்தார்கள். மன், மியூஸ் என்ற பிரிவெல்லாம் அன்று யாருக்கும் நினைவில் இல்லை. மறுநாளே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து, அது நான்தான் என்று என் பெயரிட்டு அவருக்கு எழுதினேன். “அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அந்தப் பத்தியை அப்போதே மாற்றியிருப்பேனே” என்று பதில் வந்தது. ஆட்டத்துக்கு அவர் திரும்பவில்லை. நன்றி, வணக்கம்.