நான்கு மாணவர்கள், ஒரு பாட்டி

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

முதியோருக்கென்று தனிப்பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே வந்துவிட்டது. ஆனால் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் ஒரே நோயாளியைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது இன்றும் அரிது. கூட்டு வேலையை விரிவுரையால் சொல்லித்தர முடியாது. யாரும் தனியாக முடிவெடுக்க முடியாத ஒரு சிக்கலை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படி ஒரு பயிற்சி. 78 வயதுப் பாட்டி, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார், எலும்பு முறியவில்லை. நால்வருக்கும் ஒரே குறிப்பைக் கொடுக்காதீர்கள். நர்சிங் மாணவி இரத்த அழுத்தம் பார்க்கட்டும்: 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆம், 3-ஆம் நிமிடங்களில் மறுபடியும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கவனிக்க வேண்டும். பிசியோதெரபி மாணவர், பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கணக்கிடட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. பார்மசி மாணவியிடம் வீட்டு மாத்திரைப் பை: மாலையில் போடும் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் வெளியேற்றுவது), தூக்க மாத்திரை. மருத்துவ மாணவரிடம் பழைய கோப்பு. கழிப்பறை விளக்கு எரியவில்லை என்பது மகளுக்குத்தான் தெரியும், கேட்டால்தான் சொல்வார்.

இனி நால்வரும் சேர்ந்து பாட்டிக்கு ஒரே திட்டம் எழுத வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். மருத்துவ மாணவர் பேனாவை எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் தங்கள் எண்ணை ஒப்பித்துவிட்டு ஒதுங்குவார்கள். அழுத்தம் இறங்குவதையும் நீர் மாத்திரையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மகளை யாரும் கேட்பதேயில்லை. கூச்சம் பாதிக் காரணம்தான். நாம் தனித்தனியே மதிப்பெண் போடுவது மறுபாதி. ஆகவே பேனா நர்சிங் மாணவியிடம் இருக்கட்டும், மருத்துவ மாணவர் கடைசியில் பேசட்டும், திட்டம் ஒன்று, மதிப்பெண்ணும் ஒன்று. ஒருவர் சொன்ன அளவைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே தாளில் ஏற வேண்டும்.

நல்ல திட்டத்தில் நீர் மாத்திரை காலைக்கு மாறும். தூக்க மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பார்கள், சட்டென்று நிறுத்தமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் இருக்கும். கடைசியில் மகளிடம் விளக்கி, அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஏதாவது விடுபட்டால் நால்வரும் மீண்டும் உட்கார வேண்டும்.